ஐயம் ஊன்றி நிற்கும் தரை

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக அளித்துவந்த ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. ஆறேழு ஆண்டுகளாக வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் போடவேண்டிய நிலை அதனால் எத்தனையோ பேருக்கு வந்தது. கொல்கத்தாவில் இந்த வேலைக்கெல்லாம் பேர்போன இடம் சாந்தினி சௌக். ரேமும் ஹார்ட் டிஸ்க்கும் மதர்போர்டும் கைமாறும் அந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லாம் சரியாகத்தான் செய்தோம், பாதியில் நின்றுவிட்டது, எதில் கோளாறு? இயந்திரத்தைப் பற்றிய இந்தக் கேள்விக்குள், இந்தியச் சமயச் சிந்தனை நெடுங்காலமாக வாதிட்டுவரும் இன்னொரு கேள்வி இருக்கிறது. எதை நம்பலாம், எதைச் சந்தேகிக்கலாம், சந்தேகத்தை எங்கே நிறுத்தலாம் என்பதே அது. நம்பிக்கை உள்ளவர் சந்தேகிக்கமாட்டார், சந்தேகிப்பவருக்கு நம்பிக்கை கிடையாது என்றே நம் வீடுகளில் பொதுவாக எண்ணுகிறோம். நான் சொல்ல வருவது இதற்கு நேர்மாறானது. நம்பிக்கையின் மேல் கால் ஊன்றினால்தான் சந்தேகத்தால் வேலை செய்ய முடியும். சந்தேகத்துக்கு முகம் கொடுத்தால்தான் நம்பிக்கைக்கு மதிப்பு வரும். நின்றுபோன ஒரு கணினி இதைக் கண்ணெதிரே காட்டித் தருகிறது.

நிறுவல் எப்படித் தோற்கிறது என்று கிட்டே போய்ப் பார்ப்போம். பென்டிரைவிலிருந்து கணினி பூட் ஆகிறது. மொழி எது, எந்தப் பகுதியில் போடுவது என்று கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்கிறது. கோப்புகளை நகலெடுக்கத் தொடங்குகிறது. சதவீதம் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. 80070570 என்று முடியும் பிழை எண் திரையில் வருகிறது. தேவையான கோப்பு சிதைந்திருக்கிறது, அல்லது படிக்க முடியவில்லை என்பது அதன் பொருள். ஆனால் குற்றவாளி யார் என்று அந்த எண் சொல்வதில்லை. இணையத்திலிருந்து இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பே அரைகுறையாக இறங்கியிருக்கலாம். பென்டிரைவ் தேய்ந்துபோயிருக்கலாம். கோப்பு ஒழுங்காகப் படிக்கப்பட்ட பிறகும், பழுதான ரேம் அதை நடுவழியில் கெடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்கில் எழுத முடியாத பகுதிகள் இருக்கலாம். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருக்கலாம். காரணங்கள் ஐந்து, விளைவு ஒன்று. ஏதோ தவறு என்பது மட்டும் உறுதி. எது என்பது இனிமேல்தான் தெரியவேண்டும்.

இந்த இடத்தில் மனம் இரண்டு பக்கம் சாயும். ‘நேரம் சரியில்லை’ என்று கைகட்டி உட்காருவது ஒன்று. ‘எல்லாமே குப்பை, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு’ என்பது இன்னொன்று. முதலாவது பக்தி போலவும் இரண்டாவது பகுத்தறிவு போலவும் தோன்றும். உண்மையில் இரண்டுமே விசாரணையைத் தொடங்குமுன் முடித்துவிடுகின்றன. மூன்றாவது வழி ஒன்று வங்கத்தில் நூற்றாண்டுகளாகச் செழித்திருந்தது. கொல்கத்தாவுக்கு வடக்கே, நூறு கிலோமீட்டருக்கு அப்பால், பாகீரதிக் கரையில் இருக்கும் நவத்வீபம், நியாயம் என்னும் தர்க்க மரபின் புதிய கிளையான நவ்ய நியாயத்தின் தலைநகராக விளங்கியது. மிதிலையில் 14-ஆம் நூற்றாண்டில் கங்கேசர் எழுதிய ‘தத்துவ சிந்தாமணி’யை அங்கே ரகுநாத சிரோமணி முதலியோர் வரிவரியாக அலசினார்கள். நியாயம் எடுத்துரைக்கும் பதினாறு பொருள்களில் அளவை, அளக்கப்படும் பொருள் ஆகிய இரண்டுக்கும் அடுத்து, மூன்றாவதாக நிற்பது ஐயம். முற்றிலும் தெரியாததைப் பற்றியும் விசாரணை எழாது, முற்றிலும் தெளிந்ததைப் பற்றியும் எழாது. ஐயத்துக்கு இடமானதைப் பற்றியே எழும் என்று நியாய உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் விளக்கினார். ஐயத்தை அவர்கள் அறிவின் வாசற்படியாகவே வைத்தார்கள்.

வாசலைத் தாண்டியபின் நடப்பதற்கும் அவர்களிடம் ஒழுங்கு இருந்தது. ஒன்று இருக்கும்போது மற்றொன்று இருக்கிறதா என்று பார்ப்பது அன்வயம். அது இல்லாதபோது மற்றதும் இல்லையா என்று பார்ப்பது வியதிரேகம். இரண்டு ரேம் பட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு நிறுவிப் பார்க்கிறோம். பிறகு அதை மாட்டி, மற்றதைக் கழற்றிப் பார்க்கிறோம். ஒரு பட்டை இருக்கும்போதெல்லாம் நிறுவல் நின்று, இல்லாதபோதெல்லாம் முடிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. அவசரப்பட்டு ரேமையும் பென்டிரைவையும் கேபிளையும் ஒரே சமயத்தில் மாற்றினால் கணினி ஓடக்கூடும். எதனால் ஓடியது என்பது தெரியாமலே போகும். காரணத்துக்கு நியாயம் சொன்ன இலக்கணமும் இங்கே உதவுகிறது. விளைவுக்கு முன்னால் எப்போதும் இருந்தாக வேண்டும். வேறு வகையில் விளக்கிவிடக்கூடிய உடனிருப்பாகவும் இருக்கக் கூடாது. குயவனின் மண்ணைச் சுமந்துவந்த கழுதை, பானை உருவாவதற்கு முன் அங்கே இருந்ததுதான். ஆனாலும் பானைக்கு அது காரணம் ஆகாது. மண் வேறு வழியிலும் வந்துசேர்ந்திருக்கும். காரணத்தையும் உடனிருப்பையும் பிரித்துப் பார்க்கும் இந்தத் தெளிவு வழிபாட்டிலும் உண்டு. செப்டம்பர் மாதத்தில் கொல்கத்தாவின் பட்டறைகளில் விசுவகர்மா பூஜை நடக்கிறது. கருவிகளுக்கு ஓய்வும் வணக்கமும் கிடைக்கின்றன. பூஜை முடிந்த மறுநாள் அதே கை திருப்புளியை எடுத்துப் பழுது பார்க்கிறது. இதில் முரண் எதுவும் இல்லை. தொழிலுக்கும் கருவிக்கும் நன்றி சொல்வது பூஜை. ரேமின் பழுதை நீக்குவது அதன் பொறுப்பாக எந்த நல்ல பக்தரும் நினைத்ததில்லை.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தொடங்கினால் சந்தேகமே இருக்காதே என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் நிறுவலுக்குள்ளேயே இருக்கிறது. ‘கிளீன் இன்ஸ்டால்’ என்று சொல்கிறோம்; டிஸ்க்கில் ஒரு கோப்பும் மிஞ்சுவதில்லை. ஆனால் டிஸ்க் காலியாக இருக்கும்போது கணினியை எழுப்பி, பென்டிரைவைத் தேடி, முதல் கட்டளையைப் படித்தது யார்? மதர்போர்டில் ஒரு சில்லுக்குள் இருக்கும் பயாஸ். அதை ஃபார்மட் தொடுவதே இல்லை. அந்தப் பென்டிரைவைத் தயாரித்தது எது? ஏற்கெனவே ஒழுங்காக ஓடும் இன்னொரு கணினி. ஆக, முழுவதும் துடைத்ததாக நாம் நினைக்கிற தொடக்கமும், துடைக்கப்படாத ஒன்றின் மேலும் இன்னொருவர் தந்த ஒன்றின் மேலும்தான் நிற்கிறது. மனித அறிவும் அப்படித்தான். தாய்மொழியை, எண்களை, வாதிடும் முறையை யாரோ நமக்குத் தந்திருக்கிறார்கள். பெற்ற நம்பிக்கைகளை எல்லாம் உதறப்போவதாக அறிவிக்கும் வாக்கியத்தைக்கூட அந்த மொழியில்தான் சொல்லியாக வேண்டும். இதனால்தான் நியாயம், நம்பத்தக்கவர் சொல்லைத் தனியொரு அளவையாக ஏற்றது. யார் நம்பத்தக்கவர், அதாவது ஆப்தர்? பொருளை நேரே அறிந்தவர், அறிந்ததை அறிந்தபடி சொல்ல விரும்புகிறவர். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று வாத்ஸ்யாயனர் எழுதியிருக்கிறார். பிறப்பைப் பார்க்காமல் அறிவையும் நேர்மையையும் பார்த்த அந்த வரையறைப்படி, தொழில் தெரிந்த, பொய் சொல்லாத சாந்தினி சௌக் மெக்கானிக்கும் ஆப்தரே.

நம்பத்தக்கதா என்று சோதிக்கும் கருவியை யார் சோதிப்பது என்ற கேள்வி அடுத்து வருகிறது. இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு சரியானதா என்று பார்க்க, அதற்குரிய 64 இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, வெளியிட்டவர் தந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம். ஒப்பிடும் நிரலைச் சரிபார்த்தவர் யார்? அதை ஓட்டும் ரேமுக்கு யார் சாட்சி? வேத விளக்க மரபினரான மீமாம்சகர்களும் நியாய மரபினரான நையாயிகர்களும் தலைமுறை தலைமுறையாக மோதிக்கொண்டது இதன் மேல்தான். அறிவு எழும்போதே நம்பத்தக்கதாக எழுகிறது, பழுது தெரிந்தால் மட்டும் விலக்கவேண்டும் என்றது மீமாம்சை. அறிவின் உண்மை வேறொன்றால் உறுதியாகவேண்டும், அதன்படி செயல்பட்டுப் பலன் கிடைப்பதே அந்த உறுதி என்றது நியாயம். அப்படியானால் ஒவ்வோர் உறுதிக்கும் இன்னோர் உறுதி தேவைப்பட்டு முடிவே இல்லாமல் போகுமே என்று மீமாம்சகர் மடக்கினார். நையாயிகரின் பதில் எளியது: எல்லா அறிவுக்கும் சோதனை தேவையில்லை, ஐயம் எழுந்த இடத்துக்கே தேவை, ஐயம் தீர்ந்ததும் சோதனை நிற்கும். நடைமுறையில் பார்த்தால் இருவரும் ஒரே வீட்டில் வாழ முடிகிறது. பயாஸை நம்பித் தொடங்குகிறோம். பிழை வந்த இடத்தில் சோதிக்கிறோம்.

ஐயவாதி இத்துடன் விட்டுவிடமாட்டார், விடவும் கூடாது. ‘நீ ஐயத்தை நிறுத்தியது உன் வசதிக்காக, உண்மைக்காக அல்ல’ என்பார். 12-ஆம் நூற்றாண்டில் வேதாந்தியான ஸ்ரீஹர்ஷர் நியாயத்தின் மேல் எறிந்த கணை இந்த வகையைச் சேர்ந்தது. அதன் கணினி வடிவத்தைச் சொன்னவர், யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன். தம் டியூரிங் விருது உரையில், 1984-ல் அச்சான அந்த உரையில், மூல நிரலில் ஒரு களங்கமும் இல்லாமலே, அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்குள் ஒரு கள்ளவாசலை ஒளித்துவைக்கலாம் என்று அவர் காட்டினார். அந்தக் கம்பைலரைக் கொண்டு அதையே மறுபடி உருவாக்கினாலும் கள்ளவாசல் தொடரும். நீங்களே முழுக்க எழுதாத எதையும் முழுக்க நம்ப முடியாது என்பது அவர் தந்த எச்சரிக்கை. இந்த வாதத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஸ்ரீஹர்ஷரின் ஐயத்துக்கு எதிராகக் கங்கேசர் காட்டியது, ஐயப்படுகிறவரின் சொந்தச் செயலை. புகைக்குத் தீ காரணம்தானா என்று ஐயப்படுகிறவர் புகை வேண்டும்போது தீ மூட்டத்தானே போகிறார்? செயல் நம்புவதை வாய் சந்தேகித்தால் அது ஐயம் ஆகாது, ஐயத்தின் பாவனை. தாம்ப்சனுக்குக் கிடைத்த பதிலும் இதையே வேறு வழியில் சொல்கிறது. 2005-ல் டேவிட் வீலர், தொடர்பில்லாத இரண்டாவது கம்பைலர் ஒன்றைக் கொண்டு அதே மூல நிரலிலிருந்து கம்பைலரை உருவாக்கி, அதைக் கொண்டு மறுபடியும் உருவாக்கி, வந்த முடிவை முதல் கம்பைலரோடு பிட்டுக்குப் பிட் ஒப்பிடும் முறையை முன்வைத்தார். நம்பிக்கை அதனால் அடியோடு நீங்கிவிடவில்லை. ஏமாற்றவேண்டுமென்றால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருவரும் ஒரே மாதிரி ஏமாற்றவேண்டும் என்ற அளவுக்கு ஐயம் சுருங்கிவிட்டது. மனிதருக்குக் கிடைக்கும் உறுதி இந்த வகையானதே, இது போதும்.

போதும் என்பதற்குச் சான்று சாந்தினி சௌக்கிலிருந்து நடந்துபோகும் தொலைவிலேயே இருந்தது. பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில், மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-ல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இயங்கியது. அங்கே சி. வி. ராமனின் குழுவில் 1923-ல் கே. ஆர். ராமநாதன் நீரில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தபோது, இருக்கக் கூடாத ஒரு மங்கலான ஒளிர்வு தெரிந்தது. முதல் சந்தேகம் நீரில் உள்ள அழுக்கின் மேல் விழுந்தது. நீரைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்தார்; ஒளிர்வு போகவில்லை. அழுக்கு இல்லாதபோதும் விளைவு இருக்கிறது என்றால் அழுக்கு காரணமாக முடியாது. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அந்த ஆய்வைத் தொடர்ந்தார். 1928-ல் ஏறத்தாழ 60 திரவங்களில் அதே விளைவைக் கண்டார்கள். அதைக் கண்டறிந்த நாளான பிப்ரவரி 28 இன்று தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ராமநாதன் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்தேகித்திருந்தால், தம் கண்ணையும் வடிகட்டியையும் சூரிய ஒளியையும் சேர்த்துச் சந்தேகித்திருந்தால், அந்த ஒளிர்வு ஆய்வகத்தின் பல குறைகளில் ஒன்றாகவே நின்றிருக்கும். எதையும் சந்தேகிக்காமல் ‘அழுக்குதான்’ என்று விட்டிருந்தாலும் அதே கதிதான். வரிசையாக நம்பி, வரிசையாகச் சந்தேகித்ததால் இயற்கை தன் விடையைத் தந்தது.

இதையெல்லாம் ஏற்றாலும், இதற்கும் கடவுளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் இருப்பார். கணினி மனிதன் செய்தது. கழற்றலாம், மாட்டலாம், இன்னொன்றோடு ஒப்பிடலாம். கடவுளைக் கழற்றி மாட்ட முடியுமா? முடியாது, முடியும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் நம் சமய வாழ்க்கையில் பெரும்பகுதி கடவுளைப் பற்றி மனிதர் சொன்ன சொற்களாலும், குருமார்களின் உரிமை கோரல்களாலும், வழக்கங்களாலும், விளக்கங்களாலும் ஆனது. இவையெல்லாம் கைமாறி வந்தவை. வரும் வழியில் சிதையக்கூடியவை. மூலம் தூய்மையாகவே இருந்தாலும் சுமந்துவந்த பாத்திரம் பழுதாகியிருக்கலாம். அந்தப் பாத்திரத்தைச் சோதிப்பது மூலத்தை அவமதிப்பது ஆகாது. ஒரு சாமியார் ஏமாற்றினார் என்பதற்காக இறைவனே இல்லை என்று முடிவு கட்டுவதும், இறைவன் இருக்கிறார் என்பதற்காகச் சாமியாரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் ஒரே குழப்பத்திலிருந்து பிறக்கின்றன. இருவருமே தனித்தனியாகச் சோதிக்கவேண்டியதை ஒரே கட்டாகப் பார்க்கிறார்கள்.

இதைவிட ஆழமான மறுப்பு பக்தியின் பக்கத்திலிருந்து வருகிறது. அன்பு சோதிக்காது, சோதிக்கத் தொடங்கினாலே அன்பு செத்துவிடும் என்பது அது. இந்த மறுப்பின் வலியை நான் உணர்கிறேன். எனினும் பக்தியின் வரலாறே இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. தர்க்கத்தின் கோட்டையான நவத்வீபத்தில்தான் 1486-ல் கிருஷ்ண பக்தியைப் பரப்பிய சைதன்யர் பிறந்தார். ஒரே ஊர் இரண்டையும் வளர்த்தது. இறைவன் உண்டு என்பதை வாதத்தால் நிறுவ ‘நியாய குசுமாஞ்சலி’ எழுதிய உதயணர், அந்த வாதத்தையே வழிபாடாகக் கருதினார். சிவனைத் தவிர வேறு எதையும் வேண்டாத மரபில் எழுந்த சிவஞான சித்தியார், தன் சொந்தக் கொள்கையைக் கூறும் சுபக்கத்தை அளவை இலக்கணத்தோடு தொடங்குகிறது. தட்சிணேசுவரத்தில் 1881 வாக்கில் ராமகிருஷ்ணரைத் தேடிப்போன நரேந்திரன் என்ற கல்லூரி மாணவன் நீண்ட காலம் அவரைச் சோதித்தான். நாணயம் மாற்றுபவர் காசைத் தட்டிப் பார்ப்பதுபோல் தம்மைச் சோதித்துக்கொள்ளும்படி குருவே சொன்னதாக அவர் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1885-ல் அவருக்கு மருத்துவம் பார்த்தவர் மேலே சொன்ன அதே மகேந்திரலால் சர்க்கார். அவதாரம் என்பதை அந்த மருத்துவர் ஏற்கவில்லை, முகத்துக்கு நேரே வாதிட்டார்; ஆனாலும் தொடர்ந்து வந்தார், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். சந்தேகத்தோடு திரும்பத் திரும்ப வந்த இந்த இருவரையும் ராமகிருஷ்ணர் விலக்கவில்லை. வருவதற்கு ஒரு நம்பிக்கை வேண்டியிருந்தது. வந்தபின் கேட்பதற்குச் சந்தேகம் வேண்டியிருந்தது. குரு மறைந்தபின் நரேந்திரனும் நண்பர்களும் முதல் மடம் அமைத்தது கொல்கத்தாவை ஒட்டிய பராநகரில். ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழித்து, 1950-களின் நடுவில், இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி வந்திறங்கியதும் அதே பராநகரில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில். இரண்டும் ஒரே வட்டாரத்தில் அமைந்தது தற்செயல்தான்; இரண்டு இடத்திலும் வேலை செய்த மனப்பழக்கம் ஒன்றாக இருந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

எல்லாரும் எதையோ நம்பித்தான் தொடங்குகிறார்கள் என்றால், எந்த மூடநம்பிக்கையையும் இந்த வாதத்தால் காப்பாற்றிவிடலாமே என்ற கடைசி மறுப்பு எஞ்சுகிறது. இதற்குப் பதில் இல்லையென்றால் இதுவரை சொன்னதெல்லாம் வீண். நம்பிக்கைகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. தரம் பிரிக்க மூன்று கேள்விகள் போதும். இந்த நம்பிக்கை தன்னைச் சோதிக்க விடுகிறதா? தன்னைச் சாராத இன்னொரு வழியிலும் அதைச் சரிபார்க்க முடிகிறதா? சோதனையின் முடிவு எதிராக வந்தால் விட்டுக்கொடுக்கிறதா? சரிபார்ப்பு எண்ணை வெளியிடுகிறவர் ‘என்னை நம்பாதே, நீயே கணக்கிட்டுப் பார்’ என்கிறார். அதனாலேயே நம்பத்தக்கவர் ஆகிறார். கேள்வி கேட்பதே பாவம் என்று சொல்லும் அமைப்பு இந்த மூன்றிலும் தோற்கிறது. மறுபக்கம், தேறிய பின்னும் தீராமல் சந்தேகிப்பதும் குற்றம்தான். ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தைத் திருவள்ளுவர் முடித்துவைக்கும் குறள் இரண்டு தவறுகளையும் ஒரே தட்டில் வைக்கிறது: ஆராயாமல் ஒருவரை நம்புவது, ஆராய்ந்து நம்பியபின் அவர்மேல் ஐயப்படுவது. இரண்டும் தீராத துன்பம் என்பது அவர் தீர்ப்பு.

இதிலிருந்து நடைமுறையில் செய்யவேண்டியது தெளிவாகவே இருக்கிறது. கணினியில் கைவைக்குமுன் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது ‘இதில் இழக்கக் கூடாதது என்ன?’ என்று. புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டுத்தான் ஃபார்மட். சமயத்தில் சந்தேகம் எழுந்தவரிடமும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கவேண்டும். ஒரு புராணச் செய்தி வரலாற்றோடு பொருந்தவில்லை என்று கண்டதற்காக, பாட்டி கற்றுக்கொடுத்த இரக்கத்தையும் நன்றியுணர்வையும் சேர்த்து அழிக்கவேண்டியதில்லை. அழிக்காமல் வைத்துக்கொள்வதற்காகச் சாதி ஒதுக்கலையும் பெண்ணை இழிவுபடுத்தும் வழக்கத்தையும் சேர்த்துக் காக்கவேண்டியதும் இல்லை. ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும், அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று பார்க்கவேண்டும், பழுதானதை மட்டும் மாற்றவேண்டும். வீட்டில் பிள்ளைகள் ‘இது ஏன்?’ என்று கேட்கும்போது வாயை அடைப்பவர், தம் நம்பிக்கை சோதனையைத் தாங்காது என்று தாமே ஒப்புக்கொள்கிறார். ‘வா, சேர்ந்து பார்ப்போம்’ என்பவர் பிள்ளைக்கு இரண்டையும் தருகிறார்: நிற்க ஒரு தரையும், குனிந்து அந்தத் தரையைத் தட்டிப் பார்க்கும் உரிமையும். உண்மையான சமயம் இந்த உரிமையைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. அஞ்சுகிற சமயம் எதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று நாம் கேட்டே ஆகவேண்டும்.